ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் சொல்ல வேண்டிய சொல்

ஆத்துவிளை ரப்பர் வளர்ப்போர் நலச் சங்கம், அருமனையிலிருந்து மேற்கே போகும் ரோட்டில் வாழைக்குலைக் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே இருக்கிறது. சங்கம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு ஹால், ஒரு குடோன், ஒரு கம்ப்யூட்டர், ஒரு தலைவர். முதல் மூன்றும் வேலை செய்தவரை ஊரில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. நாலாவது வேலை செய்யத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது.

தலைவர் செல்வதாஸ், துபாயில் ஒரு பெரிய கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கதவுப் பக்கத்தில் நின்றார் என்று சிலர் சொல்வார்கள். பாஸ்வேர்ட் சொல்லாத ஒருவனையும் உள்ளே விட்டதில்லை என்று அவர் சொல்வார். ஊருக்கு வந்த பிறகும் அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உறுப்பினர் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். சொந்த மைத்துனனுக்கே எண் பதினாலு.

அவருக்கு ஒரு காலைப் பழக்கம் உண்டு. சாயா வருவதற்குள் போனில் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை விளையாடிவிடுவார். ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியென்றால் பச்சைக் கட்டம், தவறென்றால் சாம்பல் கட்டம். ஒருநாள் இரண்டாவது தடவையிலேயே ஐந்தும் பச்சையாகிவிட்டது. அந்த மிதப்பில்தான் பொதுக்குழுவைக் கூட்டினார்.

"உறுப்பினர் பெருமக்களே! உலகத்துல ஒருத்தன் ஆருன்னு தெரியணும்னா என்ன கேக்கான்? மொகத்தயா கேக்கான்? பாஸ்வேர்ட கேக்கான். நம்ம சங்கத்துல இதுவரைக்கும் என்ன நடந்துச்சு? ஆளு வருவான், கிளார்க்கு ஷைஜா மொகத்தப் பாப்பா, ஆள் தெரியும், சாமானத்தக் குடுப்பா. எத்தற பெரிய பாதுகாப்புக் குறைபாடு! அந்த ஒரு வேலைய மாத்தத்தான் ஆண்டவரு என்னை துபாய்க்கு அனுப்பி இருக்காரு."

வைகுண்டராஜன் எழுந்து நின்றார். ஒன்றரை ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் மனிதர். நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் இடும் நாமம், பேச்சில் எப்போதும் ஒரு தயக்கம்.

"சாரே, எனக்க மொகம் மாறவா போவுது?"

"உறுப்பினர் எண் முப்பத்தேழு உக்காரணும்."

உட்கார்ந்தார். விதிகள் வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு உறுப்பினரும் தனக்கென்று ஓர் ஆங்கிலச் சொல் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லில் சரியாக ஐந்து எழுத்து இருக்க வேண்டும். அதில் 'ஏ'யும் 'ஈ'யும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் சொல்லை இன்னொருவர் வைக்கக்கூடாது. யாரும் தன் சொல்லைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது. அத்தனை பேருக்கும் சொல் கிடைத்த பிறகுதான் குடோனில் இருக்கும் ரெயின் கார்டு வெளியே வரும்.

"அது எதுக்கு சார், ஏயும் ஈயும்?" என்று பொன்னுலிங்கம் கேட்டார். வைகுண்டராஜனுக்குப் பக்கத்து ரப்பர் விளைக்காரர்.

"ரெண்டும் இல்லாத சொல்லு உறுதியா நிக்காது. அது சயின்ஸு" என்றார் தலைவர். சயின்ஸ் என்ற பிறகு யார் என்ன கேட்பது?

ரெயின் கார்டு என்பது ரப்பர் மரத்துக்குக் கட்டும் பிளாஸ்டிக் பாவாடை. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழை தொடங்கும் முன், பால் வடியும் வெட்டுக்கு மேலே சுற்றிப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒட்டினால் மழைக்காலத்திலும் பால் எடுக்கலாம். ஒட்டாவிட்டால் மழைத்தண்ணீர் பட்டை வழியாக இறங்கிச் சிரட்டையில் பாலோடு கலந்துவிடும். பிறகு மழை ஓயும்வரை கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வைகுண்டராஜன் வீட்டு அடுப்பு அந்தப் பாலை நம்பித்தான் எரிகிறது.

மறுநாள் காலை சங்கத்தில் புதிதாக ஒரு பொருள் நின்றது. தலைவர் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி. ஒரு பக்கம் ஆள் நுழைய வாசல், எதிர்ப்பக்கம் ஷைஜாவின் மேஜையைப் பார்த்து ஒரு சின்ன ஓட்டை. 'ரகசியக் கூடம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. உறுப்பினர் உள்ளே போய் ஓட்டை வழியாகச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஷைஜா அதைத் தட்டிவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவாள். பச்சை அட்டை என்றால் சொல் பதிவாயிற்று. மஞ்சள் என்றால் சொல் சரி, ஆனால் வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். சாம்பல் என்றால் சொல்லே சரியில்லை. ரகசியம் காப்பதற்காக, தட்டும்போது ஷைஜா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவள் மூடவில்லை. அதனால்தான் சங்கம் இன்றும் நடக்கிறது.

முதல் ஆளாகப் பொன்னுலிங்கம் உள்ளே போனார். போன வேகத்தில் மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எனக்கு முன்ன ஒரு ஈ காக்கா வரல்ல. அதுக்குள்ள ஆரு வே எடுத்தது?"

அது பாதுகாப்பு விஷயம் என்பதால் பதில் கிடைக்கவில்லை.

அடுத்து வைகுண்டராஜன். பெட்டிக்குள் புழுக்கமாக இருந்தது. அவருக்கு ஆங்கிலம் என்று யோசித்தால் வருவது ஒன்றுதான். பால் கொண்டுபோகும் டெம்போவில், பேரலில், அருமனைக் கடை போர்டில் என்று தினமும் கண்ணில் படுகிற சொல்.

"லேட்டக்ஸ்" என்றார்.

மஞ்சள்.

"ரப்பர்?"

"அதுல ஆறு எழுத்தாக்கும் மாமா" என்று சாம்பல் அட்டையைக் காட்டினாள் ஷைஜா.

அன்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் உள்ளே போய் லேட்டக்ஸ் என்றார்கள். அத்தனை பேருக்கும் மஞ்சள். ரப்பர் நாட்டில் வேறு எந்தச் சொல் முதலில் வரும்? யாரோ ஒரு பாக்கியசாலி முந்திவிட்டான் என்று எல்லோரும் வயிறெரிந்தபடி வீடு போனார்கள்.

இதைக் கேள்விப்பட்ட தலைவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சொல்வளப் பயிற்சி முகாம் நடத்தினார். சாயாவும் பழம்பொரியும் உண்டு என்பதால் கோயிலுக்குப் போகிறவர்கள், அய்யாவழிப் பதிக்குப் போகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

"லேட்டக்ஸாம், லேட்டக்ஸு!" என்று மைக்கில் இரைந்தார் செல்வதாஸ். "வெக்கமா இல்லியா? மொதல்ல நாக்குல வாற சொல்ல வெக்கிறவன், வீட்டத் தொறந்து போட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போறவனாக்கும். சொல்லுல ஒருத்தனுக்க தரம் தெரியும். எனக்கும் ஒரு சொல்லு உண்டு. நீங்க நூறு வருசம் குத்த வெச்சு இருந்தாலும் கண்டுபிடிக்க மாட்டிய!"

ராஜபாய் கையைத் தூக்கினாள். ஊரில் அவளோடு சண்டை போடாத வீடு கிடையாது.

"பெட்டிக்குள்ள நாங்க சொன்னது ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"பாதுகாப்புக்குப் பொறுப்பானவனுக்கே தெரியல்லன்னா எப்பிடிப் பாதுகாக்க முடியும்? நல்ல கேள்வி. உக்காரணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பழம்பொரி நன்றாக இருந்தது.

ஒவ்வொருவராகப் பச்சை வாங்கத் தொடங்கினார்கள். வைகுண்டராஜனுக்கு மட்டும் அமையவில்லை. பிள்ளைகளைக் கேட்கலாம் என்றால் சொல் வெளியே தெரிந்துவிடும். கேட்காமல் யோசித்தால் லேட்டக்ஸைத் தவிர வேறெதுவும் வருவதாக இல்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு வாயசைத்தபடி இருந்தவரைப் பார்த்து மனைவி சொர்ணம்மாளுக்குப் பயமே வந்துவிட்டது.

"கேட்டியளா, ஒரு சொல்லுக்காக இப்பிடி ஆளு மெலியாண்டாம். ஒங்களுக்குக் கிடைக்கல்லன்னா பெட்டிக்குள்ள நான் போறேன்."

"உனக்கு இங்கிலீசு தெரியுமா ஏட்டி?"

"தெரியாது. ஷைஜாவுக்க அம்மைய தெரியும்."

அந்த வழி அவருக்குச் சரியாகப் படவில்லை. மறுநாள் வெள்ளெனப் பால் எடுக்கப் போனபோது விளையில் ஒரு சாரைப்பாம்பு குறுக்கே போனது. அப்படியே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கிய படமும் அதற்குக் கீழே எழுதியிருந்த சொல்லும் கண்முன் வந்தன. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஐந்து. ஏ இருந்தது. ஈயும் இருந்தது. பால் வாளியை அங்கேயே வைத்துவிட்டுச் சங்கத்துக்கு ஓடினார்.

ஹாலில் நல்ல கூட்டம். ஃபேன் கடகடவென்று இரைந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் நுழைந்து ஓட்டையில் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னார்.

"கேக்கல்ல மாமா. கொஞ்சம் சத்தமா."

"ஸ்நேக்!"

"இன்னும் சத்தமா!"

"ஸ்நேக்கு! ஸ்நேக்கு! ஸ்நேக்கு!"

பெஞ்சில் இருந்தவர்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். லீலாபாய் டீச்சர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கோழிக்கடைக்காரர் கம்போடு வந்தார். "என்ன வே, எங்க வே?" என்று அறையிலிருந்து வெளிப்பட்ட தலைவர், விஷயம் புரியும் முன்பே மேஜைமேல் நின்றுகொண்டிருந்தார். ஷைஜா ஒருத்திதான் அசையாமல் தட்டி முடித்துப் பச்சை அட்டையைக் காட்டினாள்.

சாயாக்கடைக்கு வைகுண்டராஜன் போய்ச் சேரும் முன்பே விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"ஏலே ஸ்நேக்கு, சாயா குடிக்கியா?" என்று பொன்னுலிங்கம் வரவேற்றார்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துபாயில் இல்லாத ஒரு ஏற்பாடு இங்கே உண்டு. வட்டப்பேர். ஊர் சூட்டும் இந்தப் பட்டப்பெயர் இல்லாமல் இந்தப் பக்கம் ஒருவன் வாழ்ந்துவிட முடியாது. கல்யாணத்துக்கு அடிக்கும் ஃபிளெக்ஸிலும் அதைப் போட வேண்டும், கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் போட வேண்டும். போடாவிட்டால் செத்தது யாரென்று தெரியாமல் பாதிப் பேர் அடக்கத்துக்கு வர மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு புதுச் சொல்லைக் கொடுத்து, அதை யாரிடமும் சொல்லாதே என்றால் என்ன ஆகும்? ஒரே வாரத்தில் பொன்னுலிங்கம் 'பிரெட்டு' ஆனார். கோழிக்கடைக்காரர் 'ஈகிளு'. லீலாபாய் டீச்சர் 'ஏஞ்சலு'. ராஜபாய் உலக சமாதானத்தை உத்தேசித்தோ என்னவோ 'பீஸு' என்று வைத்திருந்தாள். "பீஸக்கா இன்னைக்கு ஆருகிட்ட அடி?" என்று ஊர் குசலம் விசாரித்தது. யாருடைய சொல் எப்படி வெளியே வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜ் பெட்டியின் அட்டை கொஞ்சம் மெல்லியது, அவ்வளவுதான்.

தலைவருக்கு மட்டும் வட்டப்பேர் கிடையாது. முன்பும் கிடையாது. அவரை ஊர் 'தலைவர்' என்று கூப்பிட்டது, முதுகுக்குப் பின்னாலும் 'தலைவர்' என்றே கூப்பிட்டது. இதை அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

அவர் ரோட்டில் போகும்போது "ஈகிளே, ஏஞ்சல் டீச்சருக்கு அரைக்கிலோ" என்ற சத்தம் காதில் விழுந்தது. அன்று மாலையே நோட்டீஸ் ஒட்டப்பட்டது. உறுப்பினர்களின் ரகசியச் சொற்களைப் பொது இடங்களில் யாரும் உச்சரிக்கக் கூடாது. மீறினால் ரெயின் கார்டு கிடையாது.

பேக்கரிக்காரர் நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தார். "சாரே, எந்தெந்தச் சொல்ல சொல்லக்கூடாதுன்னு ஒரு லிஸ்டு தாருங்கோ. கடைய நடத்தணும் இல்லியா?"

"அது ரகசியம். லிஸ்டு தர முடியாது."

"அப்ப நான் பிரெட்டு விக்கலாமா?"

தலைவர் யோசித்தார். "விக்கலாம். சொல்லக்கூடாது."

இப்படியாக, எல்லோருக்கும் சொல் கிடைத்த பிறகும் குடோன் திறக்காமலே வைகாசி பாதி போனது. மேற்கே கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. களியக்காவிளையில் ஒரு மழை பெய்துவிட்டதாகச் சொன்னார்கள். வைகுண்டராஜன் தினமும் சங்கத்தின் முன்னால் வந்து குடோன் கதவைப் பார்த்துவிட்டுப் போனார். மரங்கள் மேலே ஒன்றுமில்லாமல் நின்றன.

கடைசியில் தலைவருக்கே மனம் இரங்கியது. மரங்களைப் பார்த்து இரங்கவில்லை. குடோனுக்கு அவர் வாங்கியிருந்த புதுப் பூட்டைத் திறந்து காட்டும் ஆசை. கம்ப்யூட்டரோடு இணைத்த பூட்டு அது. தலைவரின் சொல்லைத் தட்டினால் மட்டுமே திறக்கும். ஆறு தடவை தவறினால் ஒரு மாதத்துக்குத் திறக்காது. அதையும் அவரே ஏற்பாடு செய்திருந்தார், தன் காலை விளையாட்டின் நினைவாக.

அத்தனை உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். டெம்போவும் ஆட்டோவும் நின்றன. வானம் இருட்டிக்கொண்டிருந்தது.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று அறிவித்துவிட்டுத் தலைவர் கம்பீரமாக ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் நுழைந்தார். பிறகு உள்ளேயிருந்து ஏதோ முணுமுணுப்பு. ஷைஜா சாம்பல் அட்டையைக் காட்டினாள்.

இன்னொரு முணுமுணுப்பு. சாம்பல்.

"சார், ஒங்க சொல்லு மறந்து போச்சா?" என்றாள் ஷைஜா.

"எனக்கா? சொல்லா? மறக்கவா?" என்றது பெட்டி. மீண்டும் சாம்பல்.

விஷயம் இதுதான். தலைவரின் தலைக்குள் ஐந்தெழுத்துச் சொற்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒவ்வொரு காலையும் புதிதாக ஒன்று வந்து சேரும். இதில் தன்னுடையது எது? ஏதோ உயர்ந்த சொல்லாகத்தான் வைத்திருப்போம் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. அதனால் உயர்ந்த சொற்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவதும் ஐந்தாவதும் சாம்பலாயின. பெட்டியின் அட்டை வியர்வையில் ஊறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை. முதல் துளி கோழிக்கடைத் தகரத்தில் விழுந்தது. ஒரு மாதம் குடோன் பூட்டிக் கிடந்தால் ஆத்துவிளைக்கு அந்த வருஷம் மழைக்காலப் பால் கிடையாது.

வைகுண்டராஜனுக்கு ஒரு சந்தேகம் முதல் நாளிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. கேட்க இது நேரமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டார்.

"ஏலே பிரெட்டு, மொத நாளு நீ லேட்டக்ஸ்னுதான சொன்ன?"

"ஆமா. எடுத்தாச்சுன்னு மஞ்சளக் காட்டிச்சு."

"நானும் அதான் சொன்னேன். எல்லாரும் சொன்னோம். அப்ப அது ஆருக்க சொல்லு மக்கா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் யாருடைய வட்டப்பேர் யாருக்குத் தெரியாது? பிரெட்டு இங்கே இருந்தார். ஈகிள் இருந்தார். ஏஞ்சல் டீச்சர், பீஸக்கா எல்லோரும் இருந்தார்கள். லேட்டக்ஸ் என்று ஒருவனை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. வட்டப்பேர் இல்லாத ஆள் ஊரிலேயே ஒருவர்தான். எல்லாத் தலைகளும் மெதுவாக ஃபிரிட்ஜ் பெட்டியை நோக்கித் திரும்பின.

"அது..." என்றது பெட்டி. "அது மெஷினு வேலை செய்யுதான்னு பாக்க, சும்மா ஒண்ணு போட்டு வெச்சேன். பொறவு நல்லதா மாத்தணும்னு நெனச்சேன்."

ஷைஜா தட்டினாள். பச்சை அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். குடோனில் 'களுக்' என்று சத்தம் கேட்டது.

அதன்பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. ராஜபாய் வரிசையை ஒழுங்குபடுத்தினாள். அது ஒன்றே போதும், பத்து நிமிடத்தில் குடோன் காலி. ஷைஜா முகத்தைப் பார்த்தாள், சாமானைக் கொடுத்தாள். வைகுண்டராஜன் பிளாஸ்டிக் சுருளைத் தோளிலும் பசைவாளியைக் கையிலும் வைத்துக்கொண்டு ஓடினார். மழை முதலில் தூறிவிட்டு, இந்தப் பக்கத்து மழைக்கே உரிய பெருந்தன்மையோடு இரண்டு நாள் ஒதுங்கி நின்றது. பட்டை உலர்ந்ததும் அவரும் சொர்ணம்மாளும் ஒவ்வொரு மரமாகப் பாவாடை கட்டினார்கள். கடைசி மரத்துக்குக் கட்டியபோது வானம் உடைந்து கொட்டியது. சொர்ணம்மாள் நனைந்துகொண்டே சிரித்தாள்.

ஒரு வாரம் தலைவர் வெளியே தலைகாட்டவில்லை. எட்டாம் நாள் ஸ்கூட்டரில் வந்தவர், விளை ஓரத்தில் வைகுண்டராஜனைக் கண்டதும் நிறுத்தினார். கூப்பிட வாயெடுத்தார். முப்பத்தேழு என்று வரவில்லை.

"ஏலே ஸ்நேக்கு, பாலு எப்பிடி?"

"நல்லா உண்டு, லேட்டக்ஸ் அண்ணே."

சொன்ன பிறகுதான் வைகுண்டராஜனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்வதாஸ் ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு போனார். போகும்போது அவர் சிரித்ததைப் பார்த்ததாக வைகுண்டராஜன் சொன்னதை ஊர் இன்னும் நம்பவில்லை.

இதோடு சங்கம் திருந்திவிட்டது என்று நினைத்தால் உங்களுக்குச் சங்கங்களைப் பற்றித் தெரியாது. அடுத்த பொதுக்குழுவில் தலைவர் எழுந்தார். "அனுபவத்துல ஒரு உண்மையக் கண்டுபிடிச்சிருக்கேன். பாஸ்வேர்டு மறந்து போவும், வட்டப்பேரு மறக்காது. இதுவும் சயின்ஸுதான்! அதனால எல்லாரும் அவியவியளுக்க வட்டப்பேர முறைப்படி பதிவு செய்யணும். ஒருத்தர் பேர இன்னொருத்தர் வெக்கக்கூடாது."

புது ஃபிரிட்ஜ் பெட்டி ஒன்று எங்கிருந்தோ வந்து நின்றது. முதல் ஆளாக வைகுண்டராஜன் உள்ளே போனார். இந்தத் தடவை அவருக்குக் கவலையே இல்லை. யோசிக்க வேண்டியதில்லை, எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

"ஸ்நேக்கு" என்றார், நிமிர்ந்து நின்று.

ஷைஜா தட்டினாள். கொஞ்சம் தயங்கி மஞ்சள் அட்டையைக் காட்டினாள்.

"எடுத்தாச்சா? எனக்க பேரயா? ஆருட்டி எடுத்தது?"

ஷைஜா தலைவர் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"மெஷினு வேலை செய்யுதான்னு சார் இன்னைக்குக் காலத்த போட்டுப் பாத்தாரு மாமா. மொதல்ல மனசுல வந்த பேரு ஒங்களுக்கதாக்கும்."